கை உரிக்கிறவள்

சங்கு ஊதியது. காப்பார் சாலையோரத்தில் இருந்த கையுறைத் தொழிற்சாலையின் இரும்புக் கதவு பாதி திறந்து, காலை ஷிப்ட் பெண்கள் வெளியே வரத் தொடங்கினார்கள். தலைமுடி, புருவம், கழுத்து மடிப்பு எல்லாம் வெள்ளை. கையுறைகள் ஒன்றோடொன்று ஒட்டாமல் இருக்கப் போடுகிற பவுடர் வியர்வையில் குழைந்து கிடந்தது. எதிர்ப்பக்கம் தேங்காய்ப்பால் சோறு விற்கும் நாசி லெமாக் கடை பெஞ்சில் காத்திருந்த குணபூசணி, தோளில் தொங்கிய ரெக்கார்டரைச் சரிசெய்துகொண்டு மைக்கோடு எழுந்தாள்.

"வணக்கம் அம்மா. நான் வானொலிக்காக ஒரு செவ்வி எடுக்க வந்திருக்கிறேன்."

"செவ்வியா? என்னா சாமான் அது, விக்கிறியா?" என்றாள் முன்னால் வந்தவள்.

பின்னால் வந்தவர்கள் சிரித்தார்கள். சிரித்துக்கொண்டே மைக்கைச் சுற்றி விலகிப் போய்க் கம்பெனி பஸ்ஸில் ஏறிக்கொண்டார்கள். கதவுக்கு உள்ளே நின்றிருந்த சூப்பர்வைசர் தம்புசாமி சிரிக்கவில்லை. பஸ் கிளம்பும்வரை அவன் பார்வை இந்தப் பக்கமே இருந்தது.

குணபூசணி கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸ் பெண். வீட்டில் பாதி ஆங்கிலம், மீதி யாழ்ப்பாணத்துத் தமிழ். அப்பா சிலோன் ரேடியோ கேட்டு வளர்ந்தவர். அதனால் பேட்டிக்குச் 'செவ்வி' என்பது அந்த வீட்டில் சாதாரணச் சொல். கல்லூரியில் பத்திரிகையியல் படிக்கிறாள். கடைசி ஆண்டு மாணவர்கள் ஆளுக்கொரு பத்து நிமிட நிகழ்ச்சி தயாரிக்க வேண்டும். தேறியவற்றை ஞாயிறு மதியம் வானொலியில் போடுவார்கள். மற்றவர்கள் மஸ்ஜித் இந்தியா பக்கம் போய்த் துணிக்கடை முதலாளிகளிடம் நாலு வார்த்தை வாங்கிக்கொண்டு, கையோடு பிரியாணியும் சாப்பிட்டுவிட்டு வந்துவிட்டார்கள். இவளுக்கு மட்டும் வேறு ஆசை. கையுறைக்கு உலகமெங்கும் திடீர்க் கிராக்கி வந்த காலம் அது, 1988. கிள்ளானைச் சுற்றிப் புதிது புதிதாகத் தொழிற்சாலைகள் முளைத்தன. உள்ளே வேலை எப்படி நடக்கிறது என்று கேட்கப் போனவளுக்கு, வாய் திறக்க ஓர் ஆள் கிடைக்கவில்லை.

"இப்படிக் கேட்டா யாரு பேசுவா?" என்றாள் கடைக்கார இராஜம்மா, வாழையிலையில் சோற்றை அமுக்கி மடித்தபடி. "அங்க ஒருத்தன் நின்னு பாத்துக்கிட்டே இருக்கான். மொதல்ல அந்த மைக்க பைக்குள்ள வை. செவ்வி கிவ்வின்னு சொல்லாத தங்கச்சி, ரேடியோன்னு சொல்லு. ரேடியோன்னா புஷ்பவல்லி வருவா."

"அவங்க ஏன் வருவாங்க?"

"பாட்டு கேக்குற நிகழ்ச்சிக்கு வாரந்தவறாம கார்டு எழுதுறவ அவ. ஒரு தடவகூட அவ பேர வாசிக்கல. நீ நாளைக்கு வா, நான் சொல்லி வைக்கிறேன்."

மறுநாள் கடையின் பின்கட்டில், தேங்காய் மூட்டைக்குப் பக்கத்தில் பேட்டி நடந்தது. புஷ்பவல்லி முப்பதைத் தாண்டியவள், ஒடிசலான உடம்பு. கம்பெனி டீ-சட்டையைக் கழற்றி மடித்துப் பையில் வைத்துவிட்டு, வீட்டிலிருந்து கொண்டுவந்த பூப்போட்ட சட்டையை மாற்றிக்கொண்டு வந்திருந்தாள். ரேடியோவுக்கு அது தெரியாது என்று இராஜம்மா கேலி செய்தாள். தேநீர்க் குவளையை அவள் உள்ளங்கைகளால்தான் பிடித்தாள். விரல் நுனிகளில் தோல் போய், சிவந்து மினுமினுத்தது.

"இது டெங்கில் பக்கம் கேக்குமா?" என்பதுதான் அவளுடைய முதல் கேள்வி.

"நாடு முழுக்கக் கேக்கும் அக்கா."

"லோரிக்குள்ள?"

"ரேடியோ இருந்தா கேக்கும்."

அவள் இராஜம்மாவைப் பார்த்துத் தலையாட்டினாள். பிறகு விஷயத்தைச் சொன்னாள். "எனக்கு ஒரே அண்ணன், விஜயன். நாங்க வேல செஞ்ச ரப்பர் தோட்டத்த கம்பெனிக்காரன் வித்துட்டு வீட்ட காலி பண்ணச் சொன்னப்ப, அம்மாவுக்கும் அவனுக்கும் வாய்ச்சண்ட. போக மாட்டேன்னு அம்மா உக்காந்துட்டாங்க. அவன் கோவிச்சுக்கிட்டுப் போயிட்டான். டெங்கில் பக்கம் மண் லோரி ஓட்டுறான்னு கேள்விப்பட்டுப் போய்த் தேடினேன், கம்பெனி மாறிட்டானாம். எங்க இருக்கான்னு ஒருத்தருக்கும் தெரியல. இப்ப அம்மாவுக்குச் சக்கர நோவு முத்திப்போச்சு. கண்ணும் தெரியல. ஆஸ்பத்திரில வீட்டுக்குக் கூட்டிட்டுப் போங்கன்னுட்டாங்க. அவன ஒரு தடவ பாக்கணும், பாக்கணும்னு அனத்துறாங்க. அவன் பேப்பர் படிக்கிற ஆளு இல்ல தங்கச்சி. ஆனா ரேடியோ இல்லாம லோரி எடுக்க மாட்டான்."

"அதனால..."

"கடைசில வாழ்த்து சொல்லலாம்ல? அண்ணன் பேரு, எங்க பேரெல்லாம் சொல்லி?"

"சொல்லுங்க அக்கா. ஆனா கம்பெனியப் பத்திச் சொல்றப்ப உங்கட பேர் எங்கயும் வராது. அதுக்கு நான் பொறுப்பு."

"ஆமா, அதுல பேரு வேணாம், வேல போயிடும். வாழ்த்துல மட்டும் பேரு வரட்டும். அது வேற, இது வேற லா."

பாட்டு வேறு, பாட்டுக்கு முன்னால் வாசிக்கிற வாழ்த்து வேறு. காலம் காலமாக ரேடியோ கேட்ட புஷ்பவல்லிக்கு அது அவ்வளவு தெளிவாக இருந்தது. பேச ஓர் ஆள் கிடைத்த சந்தோஷத்தில் இருந்த குணபூசணியும் சரி சரியென்று தலையாட்டிவிட்டு ரெக்கார்டரில் பதிவுக்கான இரண்டு பட்டன்களையும் சேர்த்து அமுக்கினாள்.

புஷ்பவல்லி தயங்கித் தயங்கி ஆரம்பித்தாள். கொஞ்ச நேரத்தில் மைக் இருப்பதையே மறந்துவிட்டாள்.

"பீங்கான்ல செஞ்ச கை, வரிசையா செயின்ல தொங்கிக்கிட்டு வரும். ரப்பர் பால்ல முங்கி, அடுப்புல வெந்து எங்ககிட்ட வரும். சூட்டோட சூடா பிடிச்சு இழுத்து உரிக்கணும். நாங்க அதக் கை உரிக்கிறதுன்னு சொல்றது. முன்ன ஒரு பக்கத்துக்கு நாலு பேரு நின்னோம். இப்ப ரெண்டு பேரு. ஓடர் கூடிப்போச்சுன்னு செயின வேகமாக்கிட்டாங்க. ஒரு கைய விட்டாலும் அது அப்படியே மறுபடி பால்ல முங்கிடும், ரிஜெக்ட். கக்கூஸ் போகணும்னா அட்டைய கழுத்துல மாட்டிக்கிட்டுப் போகணும். லைனுக்கே ஒரே அட்டதான். ஒருத்தி போயிட்டு வந்தாத்தான் அடுத்தவ போக முடியும். அதுக்குப் பயந்துக்கிட்டே நாங்க தண்ணி குடிக்கிறதில்ல."

"கையுறை செய்யற இடத்தில உங்களுக்குக் கையுறை தர மாட்டாங்களா?"

"போட்டுக்கிட்டா வழுக்குமாம், வேல மந்தமாயிடுமாம். வெறுங்கையிலதான் உரிக்கணும்." விரல்களை விரித்துக் காட்டினாள், மைக்குக்குக் கண் இருப்பதுபோல. "கை உரிக்கிறவளுக்குக் கை உரியுது. அவ்ளோதான்."

இராஜம்மா சிரித்துவிட்டாள். "ஆரம்பிச்சிட்டியா? இவ கண்டுபிடிச்ச வசனம் தங்கச்சி இது. லைன்ல இருக்குறவளுங்க எல்லாம் இவ சொல்ற மாதிரியே சொல்லிச் சொல்லிச் சிரிப்பாளுங்க."

குணபூசணி அதை அப்படியே நோட்டில் எழுதிக்கொண்டாள். நிகழ்ச்சிக்கு ஆரம்பம் கிடைத்துவிட்டது. அந்த ஒரு வரி போதும் என்று நினைத்தாள்.

வாழ்த்துக்கு நேரம் வந்ததும் புஷ்பவல்லி வேறு ஆளாகிவிட்டாள். முந்தானை இல்லாத தோளை ஒருமுறை இழுத்து விட்டுக்கொண்டாள், முதுகை நிமிர்த்தினாள். அவள் வாயிலிருந்து அறிவிப்பாளர்களின் தமிழ் வந்தது.

"வணக்கம். காப்பாரிலிருந்து பேசுவது புஷ்பவல்லி. டெங்கில் வட்டாரத்தில் லோரி ஓட்டும் அன்புச் சகோதரர் விஜயன் அவர்களுக்கு, அன்புத் தாயார் லெட்சுமி, அன்புத் தங்கை புஷ்பவல்லி ஆகியோர் தங்கள் இனிய நல்வாழ்த்துகளைத் தெரிவித்துக்கொள்கிறார்கள். மேலும் நாசி லெமாக் கடை இராஜம்மா அவர்களுக்கும், உடன் பணிபுரியும் தோழிகள் அனைவருக்கும்..." அங்கே நிறுத்தி, மைக்கைக் கிட்ட இழுத்தாள். "அண்ணே, அம்மாவுக்கு முடியலண்ணே. கோவத்த விட்டுட்டு ஒரு தடவ வந்துட்டுப் போ."

இராஜம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டு தேங்காய் மூட்டையின் வாயைக் கட்டினாள், அது ஏற்கெனவே கட்டித்தான் இருந்தது.

கல்லூரி ஒலிப்பதிவு அறையில் கேசட்டிலிருந்து பெரிய நாடாவுக்கு மாற்றி, வேண்டாத இடங்களைச் சவர பிளேடால் வெட்டி ஒட்டுவதுதான் எடிட்டிங். விரிவுரையாளர் பாலன் பக்கத்தில் உட்கார்ந்து முழுவதையும் கேட்டார். 'கை உரிக்கிறவளுக்குக் கை உரியுது' என்று தொடங்கி, பின்னால் தொழிற்சாலைக் கதவுக்கு வெளியே நின்று பதிந்த இயந்திர இரைச்சலைக் கொண்டுவந்திருந்தாள் குணபூசணி. அவர் மேசையைத் தட்டினார்.

"அருமை! இதைத்தான் நான் ரெண்டு வருஷமா சொல்லிக்கிட்டு இருக்கேன். ஆனா கடைசியில வர்ற பேரெல்லாம் என்ன? வெட்டிடு."

"சார், அந்த வாழ்த்துக்காகத்தான் அவங்க பேசவே வந்தாங்க. நான் சரின்னு சொல்லிட்டேன்."

"பேர் வராதுன்னும் வாக்குக் குடுத்ததா உன் குறிப்புலயே எழுதியிருக்கியே."

"அது கம்பெனி விஷயத்துக்கு. இது..."

"கேக்குறவனுக்கு அது வேற இது வேறயா? ஒரே குரல்தானே? அந்தம்மாவுக்கு வேல போச்சுன்னா நீ வாங்கிக் குடுப்பியா?"

"அண்ணன் பேரை மட்டும் விட்டா? விஜயன்னு மட்டும்?"

"டெங்கில்ல லோரி ஓட்டுற விஜயன், தங்கச்சி காப்பார்ல கையுறை ஃபெக்டரி. யாருன்னு கண்டுபிடிக்க ரொம்ப நேரமா ஆகும்? சொல்லு." அவர் கோபப்படவில்லை; நல்ல மனிதர். "உனக்குக் கஷ்டமாத்தான் இருக்கும். நமக்கு வாய்திறந்து பேசுறவங்களக் காப்பாத்துறதுதான் மொதல் வேல."

அவர் சொன்னதில் தவறு ஒன்றும் தெரியவில்லை. குணபூசணி நாடாவைக் கையால் முன்னும் பின்னும் உருட்டி, 'வணக்கம்' தொடங்கும் இடத்தை மெழுகுப் பென்சிலால் குறித்தாள். சாய்வாக ஒரு வெட்டு, கடைசியில் இன்னொரு வெட்டு. புஷ்பவல்லியின் வாழ்த்து மேசைக்கடியில் இருந்த குப்பைக்கூடையில் சுருண்டு விழுந்தது. போய்ச் சொல்லிவிட வேண்டும் என்றுதான் இருந்தாள். பரீட்சை வந்தது, காப்பாருக்கு இரண்டு பஸ் மாற வேண்டும். சொல்லவில்லை.

ஞாயிறு மதியம், கம்பம் என்று சொல்லும் கிராமக் குடியிருப்பில் புஷ்பவல்லியின் வீட்டு முன்னறை நிறைந்திருந்தது. ரேடியோவை அம்மாவின் படுக்கைக்குப் பக்கத்திலேயே கொண்டுவந்து வைத்திருந்தாள். தலை சீவி, பவுடர் போட்டு, தலையணை வைத்துச் சாய்த்து உட்காரவைக்கப்பட்டிருந்தாள் லெட்சுமி. நல்ல நாளுக்குக் காத்திருக்கும் முகம் அது.

முதல் வரியே அவள் குரல். கூடியிருந்தவர்கள் கை தட்டினார்கள். "அக்கா, ரேடியோவுல உன் குரலு நல்லா இருக்கு லா!" என்றாள் அதே லைனில் வேலை செய்கிற பெண் ஒருத்தி. புஷ்பவல்லி வெட்கப்பட்டுப் போய் வாயைப் பொத்திக்கொண்டாள். செயின், அட்டை, தண்ணீர் என்று ஒவ்வொன்றாக வந்தது. முடியும்போது பின்னணியில் மெல்ல வீணை ஒலித்தது. நிகழ்ச்சியைத் தயாரித்த மாணவியின் பெயரையும் கல்லூரியின் பெயரையும் அறிவிப்பாளர் சொன்னார். பிறகு ஒரு பாட்டு தொடங்கிவிட்டது.

"அவன் பேரு வரலையே," என்றாள் லெட்சுமி.

"பாட்டு முடிஞ்சு வரும்மா."

பாட்டு முடிந்தது. அதன் பின் செய்தி வந்தது. அக்கம்பக்கத்தார் ஒவ்வொருவராக எழுந்து போனார்கள். ரேடியோவை அணைக்க விடாமல் லெட்சுமி மாலை வரை கேட்டுக்கொண்டிருந்தாள்.

திங்கட்கிழமை காலை தம்புசாமி சத்தம் போடவில்லை. செயின் ஓடிக்கொண்டிருக்கும்போதே அவள் பின்னால் வந்து நின்றான்.

"கை உரிக்கிறவளுக்குக் கை உரியுதாமே?"

புஷ்பவல்லியின் கையிலிருந்து ஒரு பீங்கான் கை நழுவிப் போய் மறுபடி பாலில் முங்கியது.

"அண்ணே, பேரு போட மாட்டேன்னுதான் அந்தப் பொண்ணு..."

"பேரு எதுக்கு? இந்த ஃபெக்டரில அந்த வசனம் யாரு சொல்றதுன்னு எனக்குத் தெரியாதா? மேனேஜருக்குத் தமிழ் தெரியாது, யாரோ போன் பண்ணிச் சொல்லிட்டான். என்னயத்தான் கூப்பிட்டுக் கேட்டாரு. எனக்கும் புள்ளகுட்டி இருக்கு புஷ்பா." அவன் இயந்திரத்தைப் பார்த்துக்கொண்டு பேசினான். "நீ கண்ட்ராக்ட் ஆளு. ஆபீஸ்ல டீ-சட்டைய குடுத்துட்டுப் போ."

நிகழ்ச்சிக்கு வகுப்பிலேயே முதல் மதிப்பெண் கிடைத்தது. தகவல் தந்தவரின் அடையாளத்தைக் கவனமாகக் காத்ததற்குத் தேர்வாளர் தனியாக ஒரு பாராட்டும் எழுதியிருந்தார். அந்தச் சந்தோஷத்தோடு ஒரு பிஸ்கட் டின்னும், நிகழ்ச்சியைப் பதிந்த கேசட்டும் எடுத்துக்கொண்டு குணபூசணி காப்பாருக்கு வந்தாள். பேரை வெட்டியதற்கு என்ன சொல்லிச் சமாளிப்பது என்று பஸ்ஸில் யோசித்துக்கொண்டே வந்தாள். இராஜம்மா அவளைக் கண்டதும் கரண்டியைக் கீழே வைத்தாள்.

"எங்க வந்த? அவளுக்கு வேல போச்சு. உன்னோட ரேடியோவாலதான்."

"பேரே வரலையே... நான் எல்லாத்தையும் வெட்டினேனே!"

"பேர வெட்டின. அவ வசனத்த மொதல்ல தூக்கி வெச்ச. அன்னைக்கே சொன்னேன்ல, எல்லாருக்கும் தெரிஞ்ச வசனம்னு?"

குணபூசணி பெஞ்சில் உட்கார்ந்துவிட்டாள். அழுகை வந்தது. கடைக்கு வந்த தொழிலாளர்கள் பார்க்கிறார்களே என்றுகூட நினைக்காமல் அழுதாள். இராஜம்மா ஒரு குவளைத் தண்ணீரை அவள் பக்கம் தள்ளிவிட்டு அடுத்தவருக்குச் சோறு மடித்தாள்.

அன்று மாலையே கோலாலம்பூர் திரும்பி, மறுநாள் பாலனிடம் போய் நின்றாள். இன்னொரு நிகழ்ச்சி தாருங்கள், அதுகூட வேண்டாம், ஒரு நிமிடம் போதும் என்று கெஞ்சினாள். ஆளுக்கு ஒரு நிகழ்ச்சிதான், இனி முறை அடுத்த ஆண்டு மாணவர்களுக்குத்தான் என்றார் அவர். அந்த வார இறுதியில் அவள் டெங்கிலுக்குப் போய் மண் லோரி நிற்கிற இடங்களிலெல்லாம் விசாரித்தாள். எத்தனையோ விஜயன்கள் இருந்தார்கள். புஷ்பவல்லியின் அண்ணன் அவர்களில் இல்லை.

மறுபடி காப்பார் போனபோது நேராகக் கம்பத்து வீட்டுக்கே போனாள். கல்லூரிக்குத் திருப்பிக் கொடுக்க வேண்டிய ரெக்கார்டர் தோளில் இருந்தது. புஷ்பவல்லி வாசலில் துணி பிழிந்துகொண்டிருந்தாள். இவளைப் பார்த்து முகம் சுளிக்கவில்லை. அதுதான் குணபூசணிக்கு இன்னும் கஷ்டமாக இருந்தது.

"வா தங்கச்சி. நீ வருவேன்னு சொல்லிக்கிட்டே இருந்தேன்."

"அக்கா, என்னால உங்களுக்கு..."

"விடு. மெரு பக்கம் ரெண்டு கம்பெனில கேட்டேன். பேரக் கேட்டதும் ஆள் வேணாம்கிறாங்க." உள்ளே அம்மாவுக்குக் கேட்காதபடி தாழ்ந்த குரலில்தான் பேசினாள். துணியை உதறிக் கொடியில் போட்டாள். "இனிமே ஒண்ணும் பயமில்ல. பேரு, ஊரு, கம்பெனி எல்லாம் தாராளமா சொல்லலாம். வேலதான் போயிடுச்சே. இப்பப் பிடிச்சுக்க, இந்தத் தடவ வெட்டாமப் போடு."

குணபூசணி தலையைக் குனிந்துகொண்டாள். "இனிமே போட மாட்டாங்க அக்கா. என்ர முறை முடிஞ்சு போச்சு. கேட்டுப் பாத்திட்டன். இல்லைன்னுட்டாங்க."

சாலையில் கம்பெனி பஸ் வந்து நின்று ஹாரன் அடித்தது. கம்பத்துப் பெண்கள் சாப்பாட்டுப் பையோடு ஓடினார்கள். பள்ளிக்கூடத்தை அப்போதுதான் முடித்ததுபோல் இருந்த ஒரு புதுப் பெண்ணும் அவர்களோடு ஓடினாள், கம்பெனி டீ-சட்டை அவளுக்குத் தொளதொளவென்று இருந்தது. பஸ் போனது.

"யாரு, ரேடியோக்காரப் பொண்ணா?" உள்ளேயிருந்து லெட்சுமியின் குரல் கேட்டது. "அன்னைக்கி அவன் பேர விட்டுட்டியே பாப்பா. இன்னைக்கி நான் பேசுறேன். என் குரலக் கேட்டா வந்துருவான். அந்தப் பொட்டிய இங்க கொண்டா."

குணபூசணி புஷ்பவல்லியைப் பார்த்தாள். புஷ்பவல்லி ஈரக் கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டாள். உள்ளே போய் அம்மாவின் முதுகுக்குத் தலையணையை அண்டக் கொடுத்தாள். முடியை ஒதுக்கிவிட்டாள். பிறகு திரும்பி, சத்தம் வராமல் உதட்டை மட்டும் அசைத்தாள்.

"அமுக்கு."

குணபூசணி பாயில் உட்கார்ந்து, மைக்கை அம்மாவின் வாய்க்கு நேராகப் பிடித்து, இரண்டு பட்டன்களையும் அமுக்கினாள்.

"அங்க கேக்குதா?" என்றாள் லெட்சுமி.

"கேக்குதும்மா," என்றாள் புஷ்பவல்லி. "பேசுங்க."

"டேய் விஜயா. அம்மா பேசுறேன்டா. வீட்ட விட்டு வர மாட்டேன்னு சொன்னது என் தப்புதான். அந்த எடத்துல இப்பக் கல்லுவீடு கட்டிட்டாங்களாம், தங்கச்சி போய்ப் பாத்துட்டு வந்து சொன்னா. நீ சொன்னதுதான் சரி. சாப்பாடெல்லாம் எங்கடா சாப்பிடுற? லோரிய வேகமா ஓட்டாத. தங்கச்சி கையெல்லாம் புண்ணா இருக்குடா, நீ வந்து பாரு. பாவம், ரெண்டு ஷிப்ட் பாத்து எனக்கு மருந்து வாங்குறா. இன்னைக்கி லீவு போல இருக்கு, வீட்டுலதான் இருக்கா..."

புஷ்பவல்லி சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றுகொண்டாள். லெட்சுமி ஊரில் யார் யாருக்குக் கல்யாணம் ஆனது, யார் யார் செத்துப்போனார்கள் என்று மகனுக்குச் சொல்லிக்கொண்டு வந்தாள். கேசட்டின் ஒரு பக்கம் முடிந்து, பட்டன் டக்கென்று தானாக மேலே எழுந்தது. குணபூசணி மைக்கை எடுக்கவில்லை. அம்மா பேசிக்கொண்டே இருந்தாள்.